இரண்டு சடையாண்டிகளும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

அறிவுச்செல்விக்கு மன்னிக்கத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு வருடம் நர்ஸ் வேலை பார்த்ததில், மன்னிக்கத் தெரிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் மன்னிப்பு வாங்கியவர்கள் அடுத்த மாதமே அதே தப்பைத் திரும்பச் செய்ததையும் பார்த்திருக்கிறேன்.

திண்டுக்கல்லில் டாக்டர் நூர் அகமதுவின் ஆஸ்பத்திரி அறுபது படுக்கை கொண்டது. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அங்கே நர்சிங் சூப்பிரண்டெண்டாகச் சேர்ந்தேன். அறிவுச்செல்வி எனக்கு முன்பே அங்கே இருந்தாள். காந்திகிராமத்தில் கம்ப்யூட்டர் படித்தவள். வயது நாற்பத்தொன்று. கணவர் பிரபு பூ மார்க்கெட்டில் எடை போடுகிறவர். ஆஸ்பத்திரிக்கு வரும் ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், கேட்கும்போது எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட, கேட்ட ஃபைல் கிடைக்கவில்லை என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவளுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டு முடித்தபின், "ஊருக்குள்ள உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்பாள். "ஒத்தமாட்டுக்காரர்", "டீக்கடை மூக்காயி", "வாத்தியார் வீட்டு மூத்தவன்" என்று என்ன சொன்னாலும் அதை அப்படியே குறிப்புக் கட்டத்தில் அடித்துவிடுவாள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இது இல்லாமல் முடியாது. அண்ணன் தம்பி நாலு பேருக்கும் மூத்த பையன் பிறந்தால் நாலு பேருமே தாத்தா பெயரைத்தான் வைப்பார்கள். ஒரே தெருவில், ஒரே வயதில், ஒரே பெயரில் நாலு பேர் நடமாடுவார்கள். ஊர்க்காரர்களுக்கு அதில் குழப்பமே கிடையாது. பட்டப்பெயர் எதற்கு இருக்கிறது?

மேனேஜர் ஆனந்த்ராஜுக்கு அந்தக் கட்டத்தைப் பார்த்தாலே எரிச்சல். கோட்டு போட்டுக்கொண்டு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. "இது ஆஸ்பத்திரியா, சந்தையா? ஒத்தமாட்டுக்காரர்னு எல்லாம் அடிச்சு வச்சிருக்க. நாளைக்கு ஆடிட்டர் பாத்தா சிரிப்பான்" என்பார்.

"சிரிக்கட்டும் சார். அவருக்கும் ஊர்ல ஒரு பேரு இருக்கும்" என்பாள் இவள். அப்போதிருந்தே இரண்டு பேருக்கும் ஆகாது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை சாப்ட்வேரைப் புதிதாக மாற்றினார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே அறிவுச்செல்வி ஆனந்த்ராஜ் அறைக்குப் போய் இரண்டே விஷயம் கேட்டாள். குறிப்புக் கட்டமும் புதிய சாப்ட்வேருக்கு வர வேண்டும். முதலில் ஒரு நகலில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் உண்மையானதில் போட வேண்டும். அப்போது நான் அங்கேதான் இருந்தேன், ஷிப்ட் பட்டியலில் கையெழுத்து வாங்குவதற்காக.

"கம்பெனிக்காரன் பாத்துக்குவான். நீ டைப் அடிக்கிறதோட நில்லு" என்றார் ஆனந்த்ராஜ், தலையைத் தூக்காமலே.

திங்கட்கிழமை காலை கவுண்டரில் கூச்சல். கவுண்டரில் உட்காருகிற சுகன்யா பழைய அட்டையின் நம்பரை அடித்தால், சில பேருக்கு அப்படி ஒரு ஆளே இல்லை என்று வந்தது. சரி, புதிதாகப் பதிவோம் என்று பெயரையும் பிறந்த தேதியையும் அடித்தால், இந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார் என்று சிவப்புப் பெட்டி ஒன்று திரையில் வந்து நின்றது. இல்லாதவர் எப்படி இருப்பார்? கோயம்புத்தூரில் இருந்த சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் போட்டார்கள். அங்கே விக்னேஷ்குமார் என்ற இன்ஜினியர், "எங்க சைடுல எர்ரர் இல்ல. உங்க டேட்டா குப்பையா இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆனந்த்ராஜுக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. "கேட்டியா? குப்பையாம்" என்று எல்லார் முன்னாலும் அறிவுச்செல்வியைப் பார்த்துச் சொன்னார். நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் நோயாளிகள் இருந்த இடத்தில் இப்போது முப்பத்தாறாயிரத்துச் சொச்சம்தான் இருந்தார்கள். இரட்டைப் பதிவெல்லாம் ஒழிந்தது என்று அவருக்கு அதிலும் சந்தோஷம்.

புதன்கிழமை சடையாண்டி வந்தார். ரெட்டியார்சத்திரம் தாண்டி ஒரு கிராமம். முருங்கைக்கு மண் அணைக்கும்போது மண்வெட்டி காலில் பட்டு, நாலு நாள் கவனிக்காமல் விட்டதில் சீழ் வைத்திருந்தது. டாக்டர் ஆன்டிபயாட்டிக் ஊசி எழுதினார். நர்ஸ் கௌசல்யா திரையைப் பார்த்தாள். ஒவ்வாமை என்ற இடத்தில் 'இல்லை' என்றிருந்தது. நல்லவேளையாக முறைப்படி, முழு ஊசிக்கு முன் முன்கையில் துளி மருந்தை மட்டும் ஏற்றிச் சோதனை பார்த்தாள். ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு உதடு வீங்கியது, மூச்சு இரைந்தது, பிரஷர் இறங்கியது. நான் ஓடிப்போனபோது கௌசல்யா கையில் சிரிஞ்சோடு அப்படியே நின்றுகொண்டிருந்தாள். தொடையில் அட்ரினலின் போட்டு, காலை உயர்த்தி, ஆக்சிஜன் வைத்து, சலைன் ஓடவிட்டோம். இருபது நிமிடத்தில் கண் திறந்தார். முழு ஊசியும் போட்டிருந்தால் இந்தக் கதையை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

அவர் மனைவி பேச்சாயி மாத்திரை வாங்கப் போயிருந்தவர், திரும்பி வந்து கட்டிலைப் பார்த்ததும் வார்டே அதிரும்படி கத்தினார்.

"போன வருசமே இந்த ஊசி போட்டு ஒடம்பெல்லாம் தடிச்சுப் போச்சுன்னு சொன்னேனே! கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம், இனி நீ சொல்ல வேண்டாம்னு சொன்னாங்களே! எவடி அது ஏத்துனவ?"

கௌசல்யாவை நான் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினேன். திரையைப் பார்த்தால் போதாது, நோயாளி வாயைத் திறந்து சொல்லும்வரை கேட்க வேண்டும் என்பது முதல் வருடப் பாடம். அவள் அழுதாள். அழுதுவிட்டு வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

அறிவுச்செல்வியின் கதை வேறு மாதிரிப் போனது. வெள்ளிக்கிழமை ஆனந்த்ராஜ் அவளைக் கூப்பிட்டு, திரையில் 'இல்லை' என்றிருப்பதைக் காட்டினார். ஏற்றியது அவள்தான், கீழே அவள் பெயரும் இருந்தது. நோயாளி போலீசுக்குப் போனால் ஆஸ்பத்திரியை இழுத்து மூட வேண்டியதுதான் என்றார். ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அவரே சொல்லச் சொல்ல எழுத வைத்தார்:

'என் கவனக்குறைவால் நோயாளி சடையாண்டியின் ஒவ்வாமைக் குறிப்பு கம்ப்யூட்டரில் பதிவாகவில்லை. அதனால் அவர் உயிருக்கு ஆபத்து வந்தது. இது முழுவதும் என் தவறு. இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

அந்தத் தாளை, எல்லாரும் காலையில் விரல் வைக்கிற வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்து நோட்டீஸ் பலகையில் குத்தினார். அவளைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, பின்பக்கம் ஜெனரேட்டரை ஒட்டிய தகரக் கூரை அறைக்கு மாற்றினார். அங்கே பழைய கேஸ் ஷீட் கட்டுகள் கிடந்தன. அவற்றைத் தூசி தட்டி வருட வாரியாக அடுக்க வேண்டுமாம்.

நான் மத்தியானம் அந்த அறைக்குப் போனேன். வெக்கையில் அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா எழுதிக் குடுத்த? உன்னக் கட்டியா வச்சான்?"

"எனக்கே சந்தேகம் வந்துருச்சு சிஸ்டர்" என்றாள். "எம்பேரு போட்டு இல்லைன்னு இருக்கு. நாந்தான் மாத்தி அடிச்சுட்டனோன்னு அந்த நேரத்துல தோணிப் போச்சு. பதினோரு வருசமா எம்மேல எனக்கு வராத சந்தேகத்த அந்தாளு அஞ்சு நிமிசத்துல வரவச்சுட்டான். அதத்தான் என்னால பொறுக்க முடியல."

அடுத்த வாரத்துக்குள் விஷயம் ஆஸ்பத்திரியைத் தாண்டிவிட்டது. பூ மார்க்கெட்டில் ஒருவர் பிரபுவிடம், "உங்க வீட்டுல தான் மருந்த மாத்தி அடிச்சு ஆளக் கொல்லப் பாத்தாங்களாமே?" என்று கேட்டிருக்கிறார். வேறு ஒரு கிளினிக்கில் வேலை கேட்டுப் போனாள். அங்கே பெயரைச் சொன்னதும் கேட்டவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு குறிதான். பலகையில் அவள் கடிதம் இருக்கும் இடத்தில் ஆனந்த்ராஜின் கடிதம் வர வேண்டும். அவர் கையெழுத்தில், அவள் எழுதிய அதே வாசகத்தில். வேறு சமாதானம் எதுவும் அவளுக்கு வேண்டாம்.

ஆனந்த்ராஜ் செய்த பெரிய முட்டாள்தனம் அவளை அந்த அறையில் போட்டதுதான். கம்ப்யூட்டரில் என்ன அழிந்தாலும் அழியாதது அங்கேதான் கிடந்தது. சிகிச்சைக்கு வந்த நோயாளி ஒவ்வொருவருக்கும் காகிதத்தில் ஒரு கேஸ் ஷீட்.

மூன்றாம் நாளே சடையாண்டியின் கட்டை எடுத்துவிட்டாள். ஒன்றுக்கு இரண்டாக இருந்தது. பி. சடையாண்டி, அப்பா பெயர் பொன்னுத்துரை, ஊர் அதே ஊர், பிறந்த தேதி அறுபத்தெட்டு ஜனவரி ஒன்று. இன்னொரு பி. சடையாண்டி, அப்பா பெயர் பெருமாள், அதே ஊர், அதே ஜனவரி ஒன்று. முதல் ஷீட்டின் மேல் சிவப்பு மையில், ஊசி ஆகாது என்று பெரிதாக எழுதியிருந்தது. இரண்டாவதில் அப்படி எதுவும் இல்லை. ஓரத்தில் பென்சிலால் அவளே குறித்து வைத்திருந்தாள், ஒருவருக்குத் 'தோட்டத்துக்காரர்' என்றும் மற்றவருக்கு 'மில்லுக்காரர்' என்றும். பொன்னுத்துரையும் பெருமாளும் அண்ணன் தம்பி. இரண்டு மகன்களுக்கும் தாத்தா பெயர்.

என்னைக் கூப்பிட்டு இரண்டு ஷீட்டையும் மேஜையில் போட்டாள். அவள் கண்ணில் இருந்ததைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. கத்தி தீட்டி முடித்தவன் விரல் வைத்துப் பார்ப்பான் இல்லையா, அந்த மாதிரி.

"பாருங்க சிஸ்டர். புது சாப்ட்வேரு பேரு, இனிஷியல், ஊரு, பொறந்த தேதி நாலையும் பாத்துச்சு. நாலும் ஒண்ணா இருக்கவும் ஒரே ஆளுன்னு சேத்துருச்சு. யாரு கடைசியா வந்தாங்களோ அவங்க குறிப்ப மட்டும் வச்சுக்கிட்டு மத்தத அழிச்சுருச்சு. மில்லுக்காரர் போன மாசம் பிரஷர் பாக்க வந்துட்டுப் போனாரு. அவருக்கு எந்த ஊசியும் ஆகும். அந்த 'இல்லை'யத்தான் தோட்டத்துக்காரருக்குக் காட்டியிருக்கு."

"பேரு சரி. பொறந்த தேதிகூடவா ஒண்ணா இருக்கும்?"

"அம்பது வயசுக்கு மேல உள்ள சனத்துக்குப் பொறந்த தேதி யாருக்குத் தெரியும்? வருசம் மட்டும் சொல்லுவாங்க. பழைய கம்ப்யூட்டரு தானா ஜனவரி ஒண்ணுன்னு போட்டுக்கும். நம்ம ஆஸ்பத்திரி கணக்குல பாதி ஊரு ஜனவரி ஒண்ணாந்தேதி பொறந்ததுதான்."

அவள் அதோடு நிற்கவில்லை. சிவப்புப் பெட்டி வரும் ஒவ்வொரு தடவையும் சுகன்யா அந்தத் திரையை அச்செடுத்து, டீ குடிக்கப் போகும் சாக்கில் இவளிடம் கொடுத்துவிடுவாள். அறுபத்து மூன்று தாள் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் தேதி ஜனவரி ஒன்று. ஒன்றில்கூட இருபது வயதுக்காரரோ பள்ளிக்கூடப் பிள்ளையோ இல்லை. பிறப்புச் சான்றிதழ் உள்ளவர்களுக்குத் தவறு வரவில்லை, இல்லாதவர்களுக்கு மட்டுமே வந்தது. டேட்டா குப்பை என்ற பேச்சு அந்த இடத்திலேயே செத்தது.

"நேரா பெரிய டாக்டர்ட்டப் போவோம், வா" என்றேன்.

"இப்ப வேண்டாம். ரெண்டு கட்டக் கொண்டுபோயிக் காட்டுனா, ஏதோ ரெண்டு பேருக்கு ஆயிருச்சுன்னு ஆனந்த்ராஜ் வாயாலயே முடிச்சுருவாரு. இருநூறு ஜோடி எடுக்கணும். அவரு எந்திரிக்கவே கூடாது."

நான் நர்ஸ். இந்த இடத்தில் எனக்குச் சரிப்படவில்லை. "செல்வி, நீ அவன என்ன வேணாப் பண்ணு, நான் குறுக்க வரல. ஆனா அந்த இருநூறு ஜோடியில நாளைக்கே ஒருத்தர் வந்து படுத்தா என்ன பண்ணுவ? ஊசி உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது."

அவள் இரண்டு ஷீட்டையும் திரும்ப எடுத்து அடுக்கினாள். பிறகு, "நீங்க சொல்லுங்க, எப்படிச் செய்யலாம்?" என்றாள்.

அன்று மாலையே எல்லா வார்டுக்கும் உத்தரவு போட்டேன். திரையை யாரும் நம்பக் கூடாது. எந்த மருந்து ஆகாது என்று நோயாளியிடமும் கூட வந்தவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, காகிதத்தில் எழுதிக் கட்டிலில் கட்ட வேண்டும். பெரிய டாக்டர் நூர் அகமதுவிடம், சாப்ட்வேர் சரியாகும்வரை இதுதான் முறை என்றேன். அவர் மறுக்கவில்லை. ஆனந்த்ராஜ் மட்டும், "எதுக்கு சிஸ்டர் இம்புட்டுக் காகிதம்?" என்றார். "உங்க சாப்ட்வேருக்குக் கட்டுப் போடத்தான்" என்றேன். அறிவுச்செல்விக்குப் பத்து நாள் கெடு கொடுத்தேன்.

ஒன்பதாம் நாளே இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடியை எழுதிக் கொண்டுவந்துவிட்டாள். ஊர் வாரியாகப் பிரித்து, இரண்டு பழைய நம்பரும் பக்கத்துப் பக்கத்தில். அதில் பதினேழு பேருக்கு ஏதோ ஒரு மருந்து ஆகாது. பதினேழு பேரில் பதினோரு பேருக்குத் திரையில் 'இல்லை' என்றிருந்தது. அந்தப் பதினோரு பேருக்கும் நானே உட்கார்ந்து போன் போட்டேன்.

கவுண்டர் தகராறு பொறுக்காமல் டாக்டர் நூர் அகமது கோயம்புத்தூர்க்காரர்களை நேரில் வரச் சொல்லியிருந்தார். விக்னேஷ்குமார் ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வந்தார். அந்த நாளைத்தான் அறிவுச்செல்வி எதிர்பார்த்திருந்தாள். டாக்டர், ஆனந்த்ராஜ், விக்னேஷ்குமார் மூவரும் கவுண்டருக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, வாசலில் இரண்டு சடையாண்டிகளும் வந்து இறங்கினார்கள். பின்னாலேயே பேச்சாயி. அறிவுச்செல்வி முதல் நாளே போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறாள்.

"ஏலே மில்லு, உன் பிரஷர் மாத்திரையையும் எனக்கே சேத்து எழுதி வச்சிருக்காம்ல கம்ப்யூட்டரு" என்றார் தோட்டத்துக்காரர், காலைத் தாங்கித் தாங்கி நடந்தபடி.

"அப்ப இனிமே எனக்கும் சேத்து நீயே முழுங்குலே. எனக்குச் செலவு மிச்சம்."

அறிவுச்செல்வி கவுண்டருக்கு வந்தாள். சுகன்யாவை எழுந்திருக்கச் சொல்லிக் கண் காட்டிவிட்டு ஆனந்த்ராஜ் பக்கம் திரும்பினாள். "சார், குப்பை டேட்டான்னு சொன்னீங்கள்ல? நீங்களே ஒக்காந்து இவங்க ரெண்டு பேருக்கும் டோக்கன் போட்டுக் குடுங்க. பெரிய டாக்டரும் பாக்கட்டும்."

ஆனந்த்ராஜ் டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "போடுங்களேன்" என்றார்.

உட்கார்ந்தார். பெயர், இனிஷியல், ஊர் கேட்டார். தோட்டத்துக்காரருக்கு டோக்கன் வந்தது.

"அடுத்து?"

"சடையாண்டி. பி. சடையாண்டி" என்றார் மில்லுக்காரர்.

"அதான் போட்டாச்சே."

"அது அவனுக்குப் போட்டீங்க. எனக்குப் போடுங்க."

அடித்தார். புதிய ஆளாக ஏற்காமல் சிவப்புப் பெட்டி வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி வந்தது. பின்னால் வரிசையில் இருந்த சனமெல்லாம் எட்டிப் பார்த்தது.

"ஏனப்பா, நான் இருக்கேனா, இல்லையா? ஒரு வார்த்த சொல்லிரு, அதுக்குத் தகுந்த மாதிரி வீட்டுல சொல்லிக்கிறேன்" என்றார் மில்லுக்காரர். வரிசை முழுக்கச் சிரித்தது.

டாக்டர் நூர் அகமது சிரிக்கவில்லை. குனிந்து திரையைப் பார்த்தார். "ஆனந்த்ராஜ், இதுல பிரஷர் மாத்திரை இருக்கு, கால் புண் இருக்கு, இப்பப் புதுசா ஏத்துன ஊசி ஒவ்வாமையும் இருக்கு. இந்த ரெண்டு பேருல எது யாருக்கு? திரையப் பாத்துச் சொல்லுங்க."

ஆனந்த்ராஜ் திரையையும் பார்த்தார், இரண்டு பேரையும் பார்த்தார்.

"அங்க என்ன தேடுற? செத்துப் பொழச்சது எம் புருசன்" என்றார் பேச்சாயி.

அறிவுச்செல்வி இரண்டு கேஸ் ஷீட்டையும், அவற்றின் மேல் இருநூற்றுப் பன்னிரண்டு ஜோடி எழுதிய நோட்டையும், அறுபத்து மூன்று அச்சுத் தாளையும் கவுண்டரில் ஒவ்வொன்றாக வைத்தாள். அவசரப்படவே இல்லை. பிறகு விக்னேஷ்குமார் பக்கம் திரும்பினாள்.

"உங்கள்ட்டயும் வாரேன், நில்லுங்க. முதல்ல ஒண்ணு கேக்குறேன். எந்த ரெண்டு பேரச் சேக்கணும்னு முடிவு பண்ணுனது யாரு? சேக்குறதுக்கு முன்னாடி லிஸ்ட் எதுவும் அனுப்பலையா?"

விக்னேஷ்குமார் ஆனந்த்ராஜைப் பார்த்தார். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதா, ஆனந்த்ராஜைக் காப்பாற்றுவதா என்று அவர் யோசித்தது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. அதிக நேரம் யோசிக்கவில்லை.

"அனுப்புனோம் மேடம். நாலாயிரத்து அறுநூறு பேர் லிஸ்ட். ஒவ்வொண்ணாப் பாத்து ஓகே பண்ணுங்கன்னு மெயில் போட்டோம். குறிப்புக் கட்டம் போயிரும், பரவாயில்லையான்னும் கேட்டோம். சார் அரை மணி நேரத்துல எல்லாத்துக்கும் ஓகேன்னு பதில் போட்டாருங்க."

"நாலாயிரத்து அறுநூறு பேர அரை மணி நேரத்துலயா?" என்றார் டாக்டர்.

ஆனந்த்ராஜ் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முயன்றார். பேச்சாயி கவுண்டர் திறப்பில் வழியை மறித்து நின்றதால் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானம் டாக்டர் அறையில் பேச்சு நடந்தது. சாப்ட்வேர் மாற்றிய சனிக்கிழமை எடுத்த பழைய நகல் பத்திரமாக இருந்தது. ஆனால் அதை அப்படியே திரும்பப் போட்டால் இடைப்பட்ட நாட்களின் பதிவு முழுவதும் போய்விடும் என்றார் விக்னேஷ்குமார். அறிவுச்செல்வி வழி சொன்னாள். முழுவதையும் போடக் கூடாது. பழைய நகலிலிருந்து நம்பரையும் ஒவ்வாமை விவரத்தையும் குறிப்புக் கட்டத்தையும் மட்டும் எடுத்து, சேர்த்த ஆட்களை ஒவ்வொருவராகப் பிரிக்க வேண்டும். அட்டையைத் தொலைத்துவிட்டு இரண்டு தடவை பதிந்தவர்கள் உண்டு, அவர்களைச் சேர்ந்தபடியே விடலாம். யார் ஒரே ஆள், யார் இரண்டு ஆள் என்பதைப் பட்டப்பெயரை வைத்துத்தான் சொல்ல முடியும். அதைப் படித்தால் ஆளை அடையாளம் தெரிகிறவள் இந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒருத்திதான்.

"எத்தன நாள் ஆகும்மா?" என்றார் டாக்டர்.

"ஆறு வாரம். ஆனா பலகையில என் லெட்டர் தொங்குற வரைக்கும் கீபோர்டத் தொட மாட்டேன்."

"அத இப்பவே எடுத்துரலாம்."

"எடுத்தாப் பத்தாது டாக்டர். அந்த எடம் காலியா இருக்கக் கூடாது."

ஆனந்த்ராஜ் அன்று சாயங்காலம் அவளைத் தனியாகப் பிடித்தார். எனக்கு அவள் சொன்னதுதான். "நடந்தது நடந்துபோச்சு. உள்ளுக்குள்ளயே பேசி முடிச்சுக்குவோமே, செல்வி" என்றாராம். இரண்டு வருடத்தில் முதல்முறையாகப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். "எனக்கு உள்ளுக்குள்ளயா முடிச்சீங்க? பூ மார்க்கெட் வரைக்கும்ல போச்சு" என்றாளாம் இவள்.

மறுநாள் ஒரு தாள் கொண்டுவந்தார். சில தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று அச்சடித்திருந்தது. அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கரண்டு போனா இப்படி எழுதலாம். யாரு செஞ்சாங்கன்னு எழுதுங்க. கையால எழுதுங்க." இரண்டாவது தாளில் சடையாண்டியின் பெயர் இல்லை, ஒரு நோயாளி என்று மட்டும் இருந்தது. அதுவும் திரும்பிப் போயிற்று. மூன்றாவது தடவை அவள் ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னாள். டாக்டர் அறைக் கதவு திறந்திருந்தது. நானும் உள்ளே இருந்தேன்.

'என் அவசரத்தால் நோயாளி சடையாண்டியின் ஒவ்வாமைக் குறிப்பு கம்ப்யூட்டரிலிருந்து அழிந்தது. அதனால் அவர் உயிருக்கு ஆபத்து வந்தது. அந்தப் பழியை அறிவுச்செல்வி மேல் போட்டேன். இது முழுவதும் என் தவறு. இதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

அவர் பேனா 'பழி' என்ற இடத்தில் நின்றது. அவள் காத்திருந்தாள். எழுதினார்.

பலகையில் அதைக் குத்தியதும் அவள்தான். வந்து போகிற எல்லாருக்கும் தெரியும் உயரத்தில் குத்தினாள். அன்று சாயங்காலம் பிரபு பூ மார்க்கெட்டிலிருந்து நேரே வந்து, நின்று, இரண்டு தடவை படித்துவிட்டுப் போனார். போனில் படம் எடுத்துக்கொண்டும் போனார். அந்தப் படம் யார் யாருக்குப் போனது என்று நான் விசாரிக்கவில்லை.

விக்னேஷ்குமாரையும் அவள் விடவில்லை. ஆறு வாரம் கோயம்புத்தூரிலிருந்து வந்து அந்தத் தகரக் கூரை அறையில்தான் உட்கார வேண்டும் என்றாள். கேஸ் ஷீட் அங்கேதான் இருக்கிறது, தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்று காரணம் சொன்னாள். காரணம் உண்மைதான். ஏசி அறை கேட்டார் அவர். "குப்பைக்கு எதுக்கு ஏசி?" என்றாள். சட்டை முதுகோடு ஒட்ட உட்கார்ந்து, "ஒத்தமாட்டுக்காரர் வேற, அவரு பங்காளி வேறயா மேடம்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் பிரித்தார் மனிதர். நாற்பது நாளில் மூவாயிரத்து நூறு பேர் திரும்ப உயிரோடு வந்தார்கள்.

ஆனந்த்ராஜ் அதற்குள் என்னிடம் இரண்டு தடவை வந்தார். கடிதத்தை இறக்கச் சொல்லி அவளிடம் நான் பேச வேண்டுமாம். "பிள்ளைங்க ஸ்கூல் வேன் டிரைவர்கூடப் படிச்சுட்டான் சிஸ்டர்" என்றார். பாவமாகத்தான் இருந்தது, கொஞ்ச நேரம். பிறகு, கையில் சிரிஞ்சோடு நின்ற கௌசல்யாவை நினைத்துக்கொண்டேன், சரியாகிவிட்டது. "அது உங்க கையெழுத்து தம்பி. நான் எப்படி இறக்குறது?" என்றேன். பெரிய டாக்டரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும் டாக்டர், எனக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டாள். ஐப்பசியில் ஆனந்த்ராஜ் வேலையை விட்டுப் போனார். போன அன்று அவரே அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு போனதாகச் சுகன்யா சொன்னாள். அறிவுச்செல்விக்கு அதில் வருத்தமில்லை. படிக்க வேண்டியவர்கள் எல்லாரும் படித்து முடித்திருந்தார்கள்.

இப்போது கணினிப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. மேனேஜர் இருந்த அறையைக் கொடுத்தார்கள், வேண்டாம் என்று கவுண்டர் பக்கத்திலேயே மேஜை போட்டுக்கொண்டாள்.

போன மாதம் ஒரு நாள், நான் அவளிடம் ஷிப்ட் பட்டியல் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கரூர்ப் பக்கம் ஏதோ பெரிய ஆஸ்பத்திரி. ஆனந்த்ராஜ் அங்கே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார், முன்பு இருந்த இடத்தில் அவர் எப்படி என்று விசாரித்தார்கள். டாக்டர் ஆபரேஷனில் இருந்ததால் போன் இவளுக்கு வந்துவிட்டது.

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். அந்த ஒரு நிமிடத்தில் வேண்டுமானால் நான் தடுத்திருக்கலாம். பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நேரத்துக்கு வந்துருவாருங்க. நல்லாப் பேசுவாரு" என்றாள். "ஆனா படிக்காமக் கையெழுத்துப் போடுவாரு. போட்டது தப்பாப் போச்சுன்னா, கீழ இருக்குற பொம்பளையக் கூப்பிட்டு எழுதி வாங்குவாரு. உங்க ஆஸ்பத்திரியில அந்த மாதிரி ஆளு தேவைப்பட்டாத் தாராளமா எடுத்துக்கங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கூடச் சொல்லிட்டனா சிஸ்டர்?"

"இல்ல," என்றேன். "கொறச்சுத்தான் சொன்ன."